டெட் டூ

“பரீட்சையில கோட்டை விட்டுட்டு, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?”

ஸ்ரீரங்கம் வீட்டு மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் நல்லதம்பி ஆரம்பித்துவிட்டார். கூடத்தில் மருமகள் யாழினி கையில் போனோடு நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“முதல்ல ஒக்காருங்க மாமா. தண்ணி கொண்டு வரேன்.”

“தண்ணி கெடக்கட்டும். நீ போன்ல பேசினதைப் படியில நின்னு கேட்டுட்டுதான் வரேன். ‘டெட் டூலயா? ரெண்டாவது தடவையும் அதேதானா? மாமாகிட்ட இப்ப சொல்ல வேணாம்.’ அப்புறம் ஒரே அழுகை. சொன்னியா இல்லையா?”

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். நல்லதம்பிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தலைமையாசிரியராக ஓய்வு பெற்று, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டெட் கோச்சிங் சென்டர் நடத்துகிறவர் அவர். ஆசிரியர் தகுதித் தேர்வில் பேப்பர் ஒன் ஃபெயிலானவரை அரை மனிதர் என்பார். பேப்பர் டூ ஃபெயிலானவரை அந்தக் கணக்கிலும் சேர்க்கமாட்டார். விலங்கியல் படித்த மருமகளைப் போன தடவை பேப்பர் டூ எழுத வைத்து, அவள் தோற்றதும், விடாமல் மறுபடியும் எழுத வைத்தார். இன்றைக்குத்தான் ரிசல்ட்.

“வாத்தியார் புள்ள மக்குன்னுதான் ஊர்ல சொல்லுவான். நீ வாத்தியார் மருமகளையும் அதுல சேர்த்துட்டே. எதுத்த சென்டர்காரன் நாளைக்கு என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டானா?”

உள்ளேயிருந்து மகன் பாலு வந்தான். “அப்பா, விடுங்க. அவளைத் திட்டாதீங்க.”

“வந்துட்டார் வக்கீல்! நீயும் சேர்ந்துதான் மறைச்சியா?”

பாலு போய் யாழினியின் பக்கத்தில் நின்றான்.

“தொட்டியத்துல வாழைத்தார் ஏத்திக்கிட்டு இருந்த பயலைத் தேத்தி விட்டேன். இன்னைக்கு அவன் கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியார். இவளுக்கு என்ன கொறச்சல்? போன மாசம் பூரா என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துட்டுப் போய் ரெண்டு தடவை ரத்தம் எடுக்க நேரம் இருந்துச்சு. புஸ்தகத்தைத் திறக்க நேரம் இல்ல!”

“உங்களுக்கு அப்படி மூச்சு வாங்குச்சே மாமா...”

“வயசானா வாங்கத்தான் செய்யும். அதைச் சாக்கா வச்சு நீ படிக்காம இருப்பியா?”

ஒருவரை மட்டம் தட்ட ஆரம்பித்தால் நல்லதம்பிக்குப் பசிகூடத் தெரியாது. நின்ற நிலையிலேயே தீர்ப்பையும் சொன்னார். “நாளைக்கே மருங்காபுரிக்குக் கிளம்பு. உங்கப்பா வீட்டுல ஒக்காந்து படி. பாஸ் பண்ணிட்டு வா. அதுவரைக்கும் இந்த வீட்டுப் படி ஏறாதே.”

“நான் இப்ப போக மாட்டேன் மாமா.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள். நல்லதம்பிக்கு ரத்தம் தலைக்கேறியது.

“ஃபெயிலானவளுக்கு வீம்பு வேறயா?”

“எவ்வளவு வேணா திட்டுங்க. உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல.”

“சொல்லிடு யாழினி,” என்றான் பாலு. “இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்ல.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மாமனாரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“மாமா, டெட் டூன்னு நம்ம உடம்புக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. அது ஒரு என்சைம். டி.என்.ஏ. மேல மீதைல்னு சின்னச் சின்னக் குறி ஒட்டியிருக்கும். வேண்டாத குறியை எடுத்துவிடுறதுதான் அதோட வேலை. அது கெட்டுட்டா குறி அப்படியே நின்னுடும். ரத்த செல்லு சரியா முதிராமலே பெருக ஆரம்பிக்கும். கேன்சர்ல கொண்டுபோய் விட்டாலும் விடும்.”

நல்லதம்பி கைகொட்டிச் சிரித்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்! ஃபெயிலானதுக்குச் சாக்கு தேடி டி.என்.ஏ. வரைக்கும் போயிட்டா, பாரு. இவ்வளவு தெரிஞ்சவ, இதையெல்லாம் பேப்பர்ல எழுதித் தொலைச்சிருக்கலாமே?”

“எழுதினேன் மாமா. பாஸ் பண்ணிட்டேன். காலையிலயே ரிசல்ட் பாத்தாச்சு.”

சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப போன்ல யாரு?”

“உங்க டாக்டர்தான், மாமா,” என்றாள் யாழினி, அவர் கையை விடாமலே. “கெட்டுப்போனது உங்க ரத்தத்துல இருக்கிற டெட் டூ.”