இரண்டு கிலோ தொட்டில்

"ரெண்டு கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் ஏலகிரி கெடையாது. சொல்லிட்டேன்!"

மர்த் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் கணவன் ஆலேன் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தான். பைக் பயணம் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

போன வருஷமும் இதே பேச்சுதான். கூடாரம், மெத்தை, அடுப்பு என்று அவன் கட்டிய மூட்டையைப் பார்த்து, "இதோட போவ முடியாது" என்று மர்த் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பத்து நாள் விடுமுறையும் முதலியார்பேட்டை வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே கழிந்தது.

இந்தமுறை விடுவதாக இல்லை. மரத்துக்கு மரம் கட்டித் தூங்கும் ஹேமக்கின் படத்தைப் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தான். கார் கவர் தைக்கும் உசேன் பாயிடம் கெஞ்சிக் கூத்தாடி, குடைத்துணியில் தைத்து வாங்கினான். வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடி பட்டறையில் அலுமினியக் கம்பியை வளைத்து முளை செய்தான். முதல் ஒத்திகையில் முருங்கை மரத்தில் கட்டி, கிளையோடு தொப்பென்று விழுந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு செல்வாம்பாள் மதில்மேல் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

இப்போதும் அங்கேதான் இருந்தாள்.

"பாவம் மர்த், ஆசைப்படுறாரு. சரின்னு சொல்லேன்!"

"நீங்க சும்மா இருங்கக்கா. பதினாலு கொண்டை ஊசி வளைவு. பாரம் இழுத்து வண்டி சாஞ்சா யாரு பொறுப்பு?"

ஆலேன் பையை ஸ்பிரிங் தராசில் மாட்டினான். முள் இரண்டைத் தாண்டி நின்றது.

"ரெண்டு கிலோ முந்நூறு. வீட்லயே இருங்க!"

"இரு, இரு!" பையில் கைவிட்டுத் தலையணையை வெளியே இழுத்தான்.

"அது இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராதே?"

"வராட்டிப் போவட்டும்!"

முள் இரண்டுக்குக் கீழே இறங்கியது. மர்த் அசரவில்லை.

"எடை சரி. பத்து நிமிஷத்துல கட்டிக் காட்டுங்க. இருட்டிட்டா தடவிக்கிட்டு நிக்கக் கூடாது."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்க, ஆலேன் பாய்ந்தான். ஒரு நாடா மாமரத்தில், இன்னொன்று தென்னையில். நடுவே தொட்டில். அதற்கு மேலே கயிறு, கயிற்றின் மேல் மழைக்கு மெல்லிய விரிப்பு. நான்கு மூலையிலும் முளை. மூச்சு வாங்கியது, விரல் எரிந்தது, நிறுத்தவில்லை.

"வொலா! முடிஞ்சிடுச்சு!" என்று கத்தியபடி உள்ளே விழுந்தான்.

"எட்டரை நிமிஷம்" என்ற மர்த், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாளித் தண்ணீரை விரிப்பின் மேல் கொட்டினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. உள்ளே ஆலேனின் சட்டையில் பொட்டு ஈரமில்லை. மதில்மேல் செல்வாம்பாள் கைதட்டினாள்.

மர்த்தின் விறைப்பு எல்லாம் கரைந்துபோயிற்று.

"ஜெயிச்சிட்டீங்க. கிளம்புங்க!"

உலகக் கோப்பையை வாங்கியவன்போல ஆலேன் குதித்து இறங்கினான். ஈர விரிப்பைத் துடைத்து, எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் அடைத்தான். வாசலில் கூட்டாளிகளின் நான்கு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. புல்லட்டின் பக்கவாட்டுக் கம்பியில் பையைக் கட்டிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டினான். மார்பு விம்மியது.

வீட்டைப் பூட்டிவிட்டு வந்த மர்த், தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி, ஒரே உதையில் புல்லட்டைக் கிளப்பினாள்.

"போன வருஷம் தனியா ஓட்டிக்கிட்டுப் போயி போர் அடிச்சிடுச்சுப்பா" என்று அவள் கூட்டாளிகளிடம் சொல்ல, சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாத ஆலேன், மூட்டையில்லாத பின்சீட்டில் ராஜாவாக ஏறி உட்கார்ந்தான்.