மீன் சந்தையில் ஒரு பொப் பாட்டு

மன்னார்ச் சந்தையின் தகரக் கூரைக்குக் கீழே, லோறன்சின் மீன்கடை வானொலியில் பழைய பொப் பாட்டொன்று போகிறது. மீனுக்குக் கூடையை நீட்டிய மெற்றில்டா அப்படியே நின்று, அடுத்த வரியைத் தானே பாடத் தொடங்குகிறாள். பக்கத்தில் நிற்கும் அவளுடைய கணவர், மாதா கோயில் பொறுப்பாளர் எஸ்தாக்கி மூப்பருக்கு முதுகு விறைக்கிறது. முப்பத்தெட்டு வருடங்களில் அவள் வாயால் அவர் கேட்டதெல்லாம் கோயில் பாட்டுகள்தான். விளைமீனைச் செதில் சுரண்டும் லோறன்சின் கத்தி பாட்டுக்குத் தாளம் போடுகிறது. கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் செதில்கள் மின்னித் தெறிக்கின்றன. "அக்கா ஒரு சொல்லும் மறக்கேல்ல," என்கிறான் அவன். "அந்த நாளில எங்கட பொப் குழுவில நான் ட்ரம்ஸ், அக்கா பாட்டு. மூப்பருக்குத் தெரியாதோ?" மூப்பருக்குத் தெரியாது. மீன் வெட்டுகிற இவனுக்குத் தெரிந்த குரல், தாலி கட்டிய தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு நெஞ்சு எரிகிறது. "எனக்கு ஒருநாளும் நீ இதைப் பாடிக் காட்டேல்லையே," என்கிறார், தாழ்ந்த குரலில். "எங்கட கலியாணத்துக்குப் பொப் குழு வேண்டாம், குடும்ப மானம் போயிடுமெண்டு நிப்பாட்டினது நீங்கள்தானே. அதோட நானும் நிப்பாட்டிட்டன்," என்று சிரித்துவிட்டு, அவள் மறுபடி பாட்டில் சேர்ந்துகொள்கிறாள். லோறன்ஸ் மீனைப் பையில் போட்டு நீட்டுகிறான். சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். போவம் என்று சொல்லத்தான் மூப்பர் வாயைத் திறக்கிறார். பாட்டு இன்னும் முடியவில்லை. "அந்தப் பாரை மீனையும் வெட்டும் லோறன்ஸ்," என்கிறார். "ஆறுதலா, அவசரப்படாமல், சின்னச் சின்னத் துண்டா."