வேர்க்காதவள்

சிட்டுவுக்கு மட்டும் வேர்க்கவில்லை. ஓட்டல் சலவைக்கூடத்து இஸ்திரி ஆவியில் எல்லோரும் தொப்பலாக நனைந்திருக்க, அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தபடி படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள்.

மறுமுனையில் அக்கா. வயதில் மூத்தவள் என்பதால் அந்தக் கூடத்துக்கே அக்கா. இருவரும் மார்பகப் புற்றுநோயிலிருந்து ஒரே ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவர்கள். சிகிச்சையில் மாதவிடாய் நின்றதும் வந்த உடம்புக் கொதிப்பைச் சேர்ந்தே திட்டித் தீர்த்தவர்கள். நினைத்த நேரத்தில் குப்பென்று பற்றிக்கொள்ளும். தூக்கமா? அது எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க வேண்டும்!

விரிப்பை மடிக்கச் சிட்டு கையை உயர்த்தினாள். இப்போதெல்லாம் தொளதொளவென்று தொங்கும் அவள் சட்டை மேலேற, இடுப்பில் சின்னதாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது.

அக்காவுக்கு அது என்னவென்று தெரியும். கொதிப்பை அடக்கும் ஹார்மோன் பட்டை. அதற்காக டாக்டரிடம் அவள் கெஞ்சாத கெஞ்சலா! அவர் முடியாது என்றதும், "விடுங்கக்கா, ரெண்டு பேரும் சேர்ந்தே வெந்து தொலைப்போம்" என்று தேற்றியவளே இந்தச் சிட்டுதான்.

"எத்தனை நாளாடி இது?"

சிட்டு அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டாள். "கொஞ்ச நாளா... உங்ககிட்ட சொல்லணும்னுதான்க்கா இருந்தேன்."

"சொல்லிக் கிழிச்சே! ராத்திரி பூரா நான் ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். காலையில வந்து, 'எனக்கும் அப்படித்தான்க்கா'ன்னு தலையாட்டினியே, அத்தனையும் நடிப்பா?"

கூடப் பிறந்தவளுக்கும் மேலாக அக்கா நம்பினாளே, இவள் இப்படியா கழுத்தறுப்பாள்!

"எந்தப் போலி டாக்டர் கொடுத்தான்?"

"நம்ம டாக்டர்தான்க்கா."

"புளுகாதே! அதை ஒட்டினா கேன்சர் திரும்ப வந்துடும்னு என்னை விரட்டாத குறையா அனுப்பினார். உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? யாரைப் பிடிச்சே?"

விரிப்பு சிட்டுவின் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தவள், மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"எனக்குத்தான் அது திரும்ப வந்து முத்திடுச்சேக்கா."