சுவரில் ஒரு அளவுச் சீட்டு

"அக்கா, சுவத்துல என்ன குத்தி வச்சிருக்கே?"

தம்பி கடைக்குள் ஓடிவந்து மூச்சு வாங்கக் கேட்டபோது, தையல்காரி பையில் தொங்கிய நூலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அளவுச் சீட்டுடா. இன்னைக்குத்தான் பாக்கிறியா?"

"கழுத்து, தோள், கைன்னு எழுதினதைக் கேக்கல. அதுக்குப் பக்கத்துல பன்னிரண்டு வார்த்தை எழுதியிருக்கே, அது?"

"அதுவா? என் கிரிப்டோ நாணயம் இருக்கிற வாலட்டோட சாவி. 'பேப்பர்ல எழுதி, யாரும் தேடாத இடத்துல வை'ன்னு நம்ம கிரிப்டோ குரூப்ல அட்மின்தான் சொன்னார். அளவுச் சீட்டுக்கு நடுவுல எவன் வந்து தேடப்போறான்?"

தம்பி தன் போனை நீட்டினான்.

"யாரும் தேட வேண்டாம்னு நீயே படம் பிடிச்சுப் போட்டுட்டியே!"

காலை பதினொரு மணிக்கு, புதிதாகத் தைத்த லேப்டாப் பையைக் குரூப்பில் விற்பனைக்குப் போட்டிருந்தாள். படத்தில் பை அழகாக இருந்தது. பின்னால் சுவரிலிருந்த சீட்டு அதைவிட அழகாக, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

அந்தப் பன்னிரண்டு வார்த்தைகள் யார் கையில் இருக்கின்றனவோ, வாலட் அவருடையது. போலீசும் கிடையாது, மேனேஜரும் கிடையாது.

போனில் வாலட்டைத் திறந்து பார்த்தாள். மேல் வரியில் பெரிய பூஜ்யம். அதற்குக் கீழே இருந்த வரிகளைக் கண்ணீர் மறைத்துவிட்டது.

ஆறு மாதம் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பை தைத்துச் சேர்த்த நாணயங்கள். அடுத்த வாரம் வாங்கவிருந்த, துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின்.

"அழாதேக்கா. குரூப்ல சொல்லு. நானூறு பேர் இருக்காங்க, யாராவது வழி சொல்லுவாங்க."

சொன்னாள். வந்தார்கள். வழி சொல்லத்தான் யாருக்கும் நேரமில்லை.

'தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், யாராவது கேட்டீங்களா?' என்று எழுதினார் அட்மின். கூடவே, பாதுகாப்பு பற்றிய தன் பழைய பாடத்தை மூன்றாவது முறையாகப் போட்டார்.

'ஏழை வயித்துல அடிக்கிறவன் உருப்படுவானா?' என்று சிங்கம் கர்ஜித்தார். சிங்கம் என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

'இந்தக் குரூப்ல இப்படி ஒருத்தனா? வெட்கமா இருக்கு' என்று 'நேர்மை' என்பவர் வெட்கப்பட்டார். அதற்கு அறுபது பேர் கைதட்டினார்கள்.

கிரிப்டோவில் ஒரு வசதி. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு நாணயம் போனது என்று யாரும் பார்க்கலாம். இவர்களில் எந்த முகவரி யாருடையது என்பதும் ஊருக்கே தெரியும். இலவச நாணயம் தருகிறேன் என்று அட்மின் சொன்ன அன்று, அத்தனை பேரும் முட்டி மோதிக்கொண்டு தங்கள் முகவரியைப் போட்டிருந்தார்கள்.

அட்மின் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

'எடுத்தது ஊமை!'

ஊமை, குரூப்பில் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு வணக்கம்கூடச் சொல்லாத ஆள். அதனால் அந்தப் பெயர்.

'பேசாம இருக்கிறவனை நான் என்னைக்குமே நம்பினதில்ல' என்றார் நேர்மை.

'திருடக்கூடத் தெரியல பாருங்க. சொந்த முகவரியிலேயே வாங்கிப் போட்டிருக்கான், முட்டாள்!' என்று சிரித்தார் சிங்கம்.

ஊமையைக் குரூப்பிலிருந்து தூக்கினார்கள். நீதி நிலைநாட்டப்பட்டதும் எல்லாரும் அன்றைய நாணய விலை பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

கடை போன் அடித்தது. தம்பி ஒலிபெருக்கியில் போட்டான்.

"வந்து... நான் அந்த ஊமைங்க." கூச்சமான ஆண் குரல். "படத்துல பை மேல உங்க கடை நம்பர் இருந்துச்சு."

"யோவ், வெட்கமில்ல உனக்கு?" என்று தம்பி பாய்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. படத்தைப் பாத்ததும் பயந்துட்டேன். உங்களைத் தேடிச் சொல்றதுக்குள்ள யாராவது எடுத்துடுவாங்க. அதான் நானே எடுத்து வச்சேன். குரூப்ல சொல்லலாம்னு தட்டிட்டிருந்தேன், அதுக்குள்ள வெளிய தள்ளிட்டாங்க. எனக்குத் தட்ட கொஞ்சம் நேரமாகும்."

அக்கா போனைத் தம்பி கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"புதுசா ஒரு வாலட் திறங்க. அதோட வார்த்தைகளை யார்கிட்டயும் சொல்லாதீங்க, எங்கிட்டயும். முகவரியை மட்டும் அனுப்புங்க, போதும்."

ஐந்தாவது நிமிடம் புது வாலட்டில் எல்லாம் வந்து சேர்ந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"நாணயத்தை நகர்த்தினா கட்டணம் பிடிப்பாங்களே, அண்ணா?" என்றாள் அவள். "அதுக்கு வேற நாணயம் வேணும். என் வாலட்ல அது இல்லையே."

"ஆமா. அதை உங்க பழைய வாலட்ல நான்தான் போட்டேன். போட்டாத்தானே எடுக்க முடியும்? சின்னக் காசுதான், விடுங்க. அந்தச் சீட்டை முதல்ல கிழிச்சுப் போடுங்க."

ஊமை போனை வைத்துவிட்டார்.

சீட்டைக் கிழித்துவிட்டு, பழைய வாலட்டை அழிக்கும் முன் கடைசியாக ஒருமுறை திறந்தாள். முதல் தடவை கண்ணீரில் தெரியாமல் போன கீழ் வரிகள் இப்போது தெரிந்தன.

"தம்பி, இங்க பாருடா! ஊமை அண்ணன் போட்டதுக்கு அப்புறம் இன்னும் மூணு பேர் அதே கட்டண நாணயத்தைச் சின்னச் சின்னதாப் போட்டிருக்காங்க. நான் அழுததைப் பாத்து இரக்கப்பட்டிருப்பாங்களோ?"

தம்பி வாங்கிப் பார்த்தான்.

"நீ குரூப்ல அழுதது எத்தனை மணிக்குக்கா?"

"பதினொன்னு பத்து இருக்கும்."

அவன் குரூப்பில் போட்டிருந்த முகவரிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக வாசித்தான்.

"நேர்மை, பதினொன்னு மூணு. சிங்கம், பதினொன்னு நாலு. அட்மின், பதினொன்னு நாலு... எல்லாம் அவங்கவங்க சொந்த முகவரியிலிருந்தே!"