இரண்டரை அடிக் குசினி

“முத்துலிங்கண்ணை, இது குசினியோ கோழிக்கூடோ?”

வவுனியாவில் ஐந்து நாள் கைப்பணிச் சந்தையை முடித்துவிட்டு வட்டக்கச்சிக்குத் திரும்பிய சுதாஜினி, பின்படலையால் நேரே குசினிக்கு வந்து, தோளில் இருந்த துணி மூட்டையைக்கூட இறக்காமல் கேட்டாள். புதிதாகப் பூசிய அடுப்பு மேடை அவளுடைய தொடை மட்டத்தில் நின்றது.

“மூண்டடி எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான்?”

“இது சரியா இரண்டரை, பிள்ளை,” என்றார் மேசன் முத்துலிங்கம், கையைக் கழுவியபடி. “உம்மட மனிசன் தந்த அளவு. நான் என்ன செய்யிறது?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேலைக்குச் சாயம் காய்ச்சி அச்சுப் பதிப்பது அவளுடைய தொழில். நின்றுகொண்டு, உடம்புப் பாரத்தைக் கொடுத்து அச்சுக்கட்டையை அழுத்தினால்தான் பூ சிதறாமல் விழும். இதுவரை சாயத்தைப் பார்த்தால் சோறு அடிப்பிடிக்கும், சோற்றைப் பார்த்தால் சாயம் கறுக்கும். ஒரே மேடையில் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் சேலை என்று இரண்டையும் கவனிக்கலாம் என்றுதான் பழைய குசினியை இடிக்கவே சம்மதித்தாள். கலியாண வீட்டுக்காரருக்குப் பதினெட்டுச் சேலைகள் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இந்த மேடையில் குனிந்து பதித்தால் மூன்றாவது சேலையோடு இடுப்பு போய்விடும்.

சுற்றிப் பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியது. கதவோ மாட்டுவண்டி போகிற அகலம். மேடைக்குக் கீழே ஒரு அலுமாரி கிடையாது, வெறும் வெளி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தால் பொறுக்கலாம். இது வேண்டுமென்றே பிடித்த குரங்கு.

“வாசல்ல படி எங்க அண்ணை? சரிவா இழுத்து விட்டிருக்கிறியள். மழை வந்தா வெள்ளம் நேர அடுப்புக்குள்ளதான் வரும்.”

“அதையும் அவரிட்டயே கேளும், பிள்ளை.”

கேட்க என்ன இருக்கிறது? மாமி தைக்கு வந்து இங்கேயே இருக்கப்போகிறா என்று போன கிழமைதான் பேச்சு அடிபட்டது. மாமி நாலரை அடி. சாயம் கலக்குகிற கையால் ஆக்கின சோற்றைத் தொடமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிபவா. ஆக, மனிசன் தாய்க்கு அளவெடுத்துக் குசினி கட்டியிருக்கிறார். பெண்சாதி சொன்னது காற்றோடு போயிற்று. பன்னிரண்டு வருசத்தில் ஒரு நாள்கூடக் குசினி வாசலைத் தாண்டாதவருக்கு மேடை அளக்க மட்டும் தெரிந்திருக்கிறது.

சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் கணவர் யோகலிங்கத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டோ முற்றத்தில் வந்து நின்றது.

“வந்திட்டீரே, சுதா?” குரல் வெளியே இருந்து கேட்டது.

“வந்திட்டன். உங்கட அம்மாவின்ர குசினியைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“அம்மாவோ? அவா தம்பியோடதான் இருக்கப்போறாவாம். நேற்றுச் சொன்னவா.”

“அப்ப ஆருக்கு இந்தக் கோழிக்கூடு? குனிஞ்சு குனிஞ்சு என்ர இடுப்பு முறியட்டும் எண்டு நினைச்சனீங்களோ? நாளைக்கே இடிச்சு உயத்தச் சொல்லுங்கோ.”

“உம்மட மேசை முன் விறாந்தையில கிடக்கு. நீர் கேட்ட மூண்டடி. இனி நீர் குசினிக்குள்ள வரத் தேவையில்லை.”

அவளுக்கு அழுகை முட்டியது. கேட்டதைத் தராததுமல்லாமல், சொந்த அடுப்படியில் இருந்தே துரத்துகிறார்.

“ஓ, என்னைக் கலைக்கவும் துணிஞ்சிட்டியள். அப்ப இந்த வீட்டில சோறு ஆர் ஆக்கிறது, பேயோ?”

யோகலிங்கம் சரிவில் ஏறி, கதவு நிலையில் எங்கும் முட்டாமல் உள்ளே வந்து, மேடைக்குக் கீழே இருந்த வெறும் வெளிக்குள் அசையாத தன் கால்களை விட்டு, சக்கர நாற்காலியின் பிரேக்கை இறுக்கிவிட்டு, அரிசிப் பானையை எட்டி எடுத்தார்.