தேங்கின சரக்கு

"தேங்குன சரக்குதான். வேற எந்தப் பொம்பளை கைக்கும் இது ஆகாது. ஒனக்கு ஆகும்ல, கொண்டுபோ."

கறம்பக்குடி கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் நூர்நிஷா, பிளெஸ்ஸியிடம் மாதம் தவறாமல் சொல்லும் வசனம் இது. கடையில் நாலு பேர் இருந்தாலும் குரலைக் குறைப்பது கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் "வாங்கம்மா, உக்காருங்கம்மா". பிளெஸ்ஸிக்கு வெறும் "வா".

கூடப் போகும் முத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருவரும் ஒரே தையல் கடையில் வேலை பார்க்கிறவர்கள். பையன் என்று வளர்க்கப்பட்டு, செங்கல் சூளையில் கல் சுமந்து, பிறகு "நான் பொண்ணு" என்று ஊரறியச் சொன்னவள் பிளெஸ்ஸி. அதற்காக அவள் பட்டதெல்லாம் முத்தாளுக்குத் தெரியும்.

"இந்தம்மாவுக்கு ஒன்னையக் கண்டா எளக்காரம். வேற கடைக்குப் போவோம்."

"மத்த கடையில பொட்டிய நீட்டி, நீயே போட்டுக்கன்னுடுறாங்கக்கா. இவங்கதான் கையைப் பிடிச்சுப் போட்டு விடுறாங்க."

அது உண்மைதான். ஆனால் பிடித்த கையைச் சும்மா விடுவதில்லை நூர்நிஷா. அமுக்கிப் பார்த்து, தோல் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது, எண்ணெய் தேய்த்தாயா இல்லையா என்று அதட்டுவார். ஒருமுறை, துபாயிலிருந்து மகன் அனுப்பிய கிரீம் டப்பாவை, வாசனை பிடிக்கவில்லை என்று சொல்லி அவள் பையில் போட்டார். வேண்டாததைத் தள்ளிவிட ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று முத்தாள் அன்றைக்கு முழுக்கப் பொருமினாள்.

ஹார்மோன் மாத்திரை தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. புதுக்கோட்டை டாக்டர் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். எண்ணெய்ப் பசை குறையும், தோல் வறளும், போகப்போக மிருதுவாகும். எலும்பு மட்டும் மாறாது. எனவே பிளெஸ்ஸி எலும்பை விட்டுவிட்டுத் தோலை நம்பினாள்.

தோல் ஏமாற்றவில்லை. முகத்தில் எண்ணெய் வழிவது நின்றது. சூளையில் காய்த்துப்போன உள்ளங்கை இளகியது. முன்பெல்லாம் பட்டுத்துணியைத் தொட்டால் கைச் சொரசொரப்பில் இழை இழுத்துக்கொள்ளும் என்று முதலாளி அவளிடம் பட்டு ரவிக்கையே தர மாட்டார். இப்போது பட்டு முழுக்க அவள் கையில்தான்.

வளையல் அளவு மட்டும் அதே ரெண்டு பன்னெண்டில் நின்றது. கடைத்தெருவில் ரெண்டு பத்துக்கு மேல் யாரும் வைப்பதில்லை. நூர்நிஷா கடையில் மட்டும் அந்தப் பெரிய அளவு, எப்போதோ தவறாக வந்து விற்காமல் கிடக்கிறதாம். போன மாதம் மயில்பச்சை. அதற்கு முந்தைய மாதம், பிளெஸ்ஸி ஆசைப்பட்ட குங்குமச் சிவப்பு.

இந்த வாரம் பிளெஸ்ஸிக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு வளைகாப்பு. மூன்று வருடமாக வாசல் மிதிக்க விடாத வீட்டிலிருந்து அண்ணியே போன் செய்து, "நாத்தனா மொறைக்கு நீதான் மொத வளையல் போடணும்" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

சந்தோஷம்தான். ஆனால் வருகிற பெண்களுக்கெல்லாம் தட்டில் வளையல் வரும், அங்கேயே போட்டும் விடுவார்கள். அந்தத் தட்டில் ரெண்டு பத்துதான் பெரியது. சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க அது தன் கையில் ஏறாமல் நின்றால்? "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று சிரிக்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை, நூர்நிஷா வழக்கமான பொட்டலத்தை எடுப்பதற்கு முன்பே பிளெஸ்ஸி சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பத்து குடுங்க லாத்தா."

நூர்நிஷா ஏன் எதற்கு என்று விசாரித்தார். வளைகாப்பு விஷயத்தைக் கேட்டதும் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் வளையல் விரல் முட்டியிலேயே உடைந்தது. பிளெஸ்ஸியின் முகம் செத்துவிட்டது.

சோப்பு போட்டு ஏற்றிப் பாருங்களேன் என்றாள் முத்தாள்.

"சோப்புல ஏறுனா அது சோப்போட அளவு, இவ அளவு இல்ல. அங்கிட்டு வளைகாப்பு வீட்ல சோப்பா வச்சிருப்பாங்க?" என்ற நூர்நிஷா, பிளெஸ்ஸியின் பக்கம் திரும்பினார். "பயந்தா கை இறுகும். லேசா விடு."

கட்டைவிரலை உள்ளே மடக்கி, உள்ளங்கையைக் குவித்து அழுத்தினார். ஒன்றரை வருடத்துக்கு முன் பலகை மாதிரி நின்ற கை, இப்போது அழுத்திய பக்கம் வளைந்துகொடுத்தது. வளையல் முட்டியில் ஒரு நொடி தயங்கியது. பிறகு வழுக்கிப் போய் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

அடுத்தது. அதற்கடுத்தது. இரண்டு கையிலும் பன்னிரண்டு வளையல்கள் ஏறின, ஒன்றும் உடையவில்லை. பிளெஸ்ஸி கையைத் தூக்கித் தூக்கிக் குலுக்கினாள். அழுதுகொண்டே சிரித்தாள். இந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை அவள் இதுவரை பட்டதில்லை.

முத்தாளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒன்றரை வருட ஆத்திரம் விடுமா?

"இனிமே ஒங்க தேங்குன சரக்கை யாரு தலையில கட்டுவீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

நூர்நிஷா உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, திருச்சிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்த கணவர் ஹாஜா முகைதீனுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, மாசாமாசம் ஒரு டஜன் தனியாச் சொல்லி வச்சு வாங்குவமே, ரெண்டு பன்னெண்டு... அது இனிமே வேணாம்னு சொல்லிருங்க. நம்ம பிளெஸ்ஸிக்கு ரெண்டு பத்து ஏறிருச்சு."