எட்டு நிமிடத் துகள்

கண்ணாடிக் குழாயில் ஸ்டைரீன் கரைசலை ஊற்றி இறுக மூடி, மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கி, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களாக மாற்றுவதுதான் சங்கரியும் தேவசகாயமும் செய்துவந்த ஆராய்ச்சி. எழுபது டிகிரியில் வைத்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

"நூத்தியெண்பதுல வைங்க, எட்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். நாளைக்குக் கட்டுரை அனுப்பியாகணும்" என்றார் பேராசிரியர் ஜெகதீசன்.

"அவ்வளவு அழுத்தத்தைக் குழாய் தாங்காது சார்" என்றாள் சங்கரி.

"பயமா இருந்தா வீட்டுக்குப் போம்மா."

அவர் தன் அறைக்குப் போனதும் தேவசகாயம் அடுப்பை நூற்றெண்பதில் வைத்தான். ஆறாவது நிமிடத்தில் குழாய் வெடித்தது. அடுப்பின் கதவு பிய்த்துக்கொண்டு வந்து தேவசகாயத்தைச் சுவரில் அறைந்தது. கண்ணாடிச் சில்லுகளோடு கொதிக்கும் வெள்ளைக் குழம்பு அவன் முகமெங்கும் அப்பியது. சங்கரி அவனைக் கை கழுவும் தொட்டிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, தலையை அதனடியில் பிடித்தாள். ரத்தம் கரைந்து ஓடியது. வெள்ளை மட்டும் தோலோடு தோலாக இறுகிக் கிடந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெகதீசன் வாசலிலேயே நின்றார். நொறுங்கிய அடுப்பைப் பார்த்துவிட்டு, "சாம்பிள் ஏதாவது மிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

சங்கரி திரும்பிப் பார்த்தாள். நேராகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து, உள்ளங்கையைத் தேவசகாயத்தின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"இருக்கு சார். வழிச்சு எடுத்துக்கோங்க."

அவர் கையை உருவப் பார்த்தார். அவள் இன்னும் அழுத்தினாள். கன்னத்திலிருந்த சில்லு உள்ளே இறங்க, தேவசகாயம் அலறினான். அந்த அலறல் அவளுக்கும் கேட்டது. ஆனாலும் அவள் பிடி தளரவில்லை.